தீர்ப்பும் வாசகனும்

நாவலைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடுகிற வாசகர்கள் சிலர் உண்டு. கதாநாயகிக்குக் கல்யாணம் ஆயிற்றா, கெட்டவன் செத்தானா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவர்களுக்கு முதல் பக்கத்துக்குப் போக மனம் வரும். சிலர் போவதே இல்லை. இந்த ரக வாசகர்கள் மேல் எழுத்தாளர்களுக்கெல்லாம் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. ஆனால் நாவல் விஷயத்தில் சிலர் மட்டும் செய்கிற இந்தக் காரியத்தை, கோர்ட்டுத் தீர்ப்பு விஷயத்தில் நாம் எல்லோருமே செய்துகொண்டிருக்கிறோம். விடுதலையா, தண்டனையா? அது தெரிந்தால் போதும். ஒரு சாரார் வெடி கொளுத்துகிறார்கள். மற்றொரு சாரார் வாயை மூடிக்கொள்கிறார்கள். மறுநாள் தீர்ப்பு பழைய பேப்பராகிவிடுகிறது.

நாடாண்டவர்கள் மீது நடந்த வழக்குகளின் தீர்ப்புகளை இப்படி வாசிப்பதனால் பெருத்த நஷ்டம் ஏற்படுகிறது, அந்த நஷ்டம் ஆண்டவர்களுக்கு அல்ல, நமக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். இதை விளக்க இரண்டு வழக்குகளை எடுத்துக்கொள்கிறேன். டான்சி நில வழக்கு ஒன்று. சொத்துக் குவிப்பு வழக்கு மற்றொன்று. இரண்டிலும் முதல் எதிரி, 1991 முதல் 1996 வரை முதல் தடவையாகத் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த ஜெ. ஜெயலலிதா. அவர் 2016-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி காலமாகிவிட்டார். இறந்துபோனவரைத் தூற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை, போற்றுவதற்காகவும் எழுதவில்லை. மனிதர்கள் போய்விடுகிறார்கள். தீர்ப்புகள் இருக்கின்றன. அவற்றை எப்படி வாசிப்பது என்பதுதான் கேள்வி.

டான்சி என்பது தமிழ்நாடு சிறுதொழில் கழகம். சர்க்காருக்குச் சொந்தமான ஸ்தாபனம். கிண்டியில் அதற்கு ஒரு வார்ப்படச் சாலையும், எனாமல் கம்பி செய்கிற ஆலை ஒன்றும் இருந்தன. வார்ப்படச் சாலையின் மூன்று ஏக்கர் சொச்சம் நிலத்தை 1992-ல் ஜெயா பப்ளிகேஷன்ஸ் என்ற கம்பெனி வாங்கியது. கம்பி ஆலையின் அரை ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட இடத்தை சசி என்டர்பிரைசஸ் வாங்கியது. இரண்டு கம்பெனிகளிலும் பங்குதாரர்கள் ஜெயலலிதாவும் வி. கே. சசிகலாவும். விற்கிற சர்க்காருக்குத் தலைவர் யாரோ அவரே வாங்குகிற கம்பெனிக்கும் பங்குதாரர். விலையைக் குறைத்து வாங்கினார்கள், சர்க்காருக்குக் கோடிக்கணக்கில் நஷ்டம் என்பது வழக்கு.

இந்த வழக்கின் மேல்தோற்றத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 2000-ம் வருஷம் அக்டோபர் 9-ந் தேதி தனிக்கோர்ட்டு தண்டனை விதித்தது. அதனால் 2001 தேர்தலில் ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டன. ஆனாலும் கட்சி ஜெயித்தது, எம். எல். ஏ. ஆகாமலே அவர் முதல்வராகப் பதவியேற்றார். அந்த நியமனம் செல்லாது என்று செப்டம்பர் 21-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. டிசம்பர் 4-ல் சென்னை ஹைகோர்ட்டு அவரை விடுதலை செய்தது. 2002 மார்ச்சில் மறுபடி முதல்வரானார். விடுதலையை எதிர்த்த அப்பீலை 2003 நவம்பர் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. கடைசிப் பக்கம் விடுதலை. கதை முடிந்தது.

உள்ளே போனால் கதை அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

சட்டம் சொன்னது இது. அரசு ஊழியர் ஒருவர் ஒரு சொத்தை வாங்குவது குற்றமாக வேண்டுமானால், அதை அவர் வாங்கக்கூடாது என்று ஒரு சட்டம் விலக்கியிருக்க வேண்டும். மந்திரிகளுக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன. சர்க்கார் சொத்தை வாங்காதே என்று அவை சொல்லவும் செய்கின்றன. ஆனால் அந்த விதிகள் சட்டமல்ல. பெரிய மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் மாதிரி. அதை மீறினவரைப் பிடித்துச் சிறையில் போட இடமில்லை. விலை விஷயத்திலும், பத்திரப் பதிவுக்காகச் சர்க்கார் எழுதிவைத்திருக்கிற மதிப்புத்தான் சந்தை மதிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே குற்றம் நிரூபணமாகவில்லை.

இந்த வாதத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது சாட்சியம் ஆகாது என்று சொல்கிற கோர்ட்டுத்தான் உங்களையும் என்னையும் காப்பாற்றுகிற கோர்ட்டு. ஆனால் நீதிபதிகள் ராஜேந்திர பாபுவும் வெங்கடராம ரெட்டியும் அதோடு பேனாவை மூடி வைக்கவில்லை. குற்றவாளி என்று முடிவு வந்தாலும் வராவிட்டாலும், இந்த அம்மையார் தம் மனச்சாட்சிக்குப் பதில் சொல்லிப் பிராயச்சித்தம் செய்தாக வேண்டும், நிலத்தை நிபந்தனையின்றித் திருப்பித் தர வேண்டும், நடத்தை விதிகளின் உட்கருத்தை மீறியது சரிதானா என்று யோசிக்க வேண்டும் என்ற பொருளில் எழுதினார்கள். தம்மைக் காப்பாற்றிக்கொள்கிற அவசரத்தில், ஆடிட்டரும் உத்தியோகஸ்தர்களும் அடையாளம் காட்டிய தம் கையெழுத்தையே இல்லை என்று சொல்லத் துணிந்தார் என்பதையும் குறிப்பிட்டார்கள்.

உலகத்தில் எத்தனையோ கோர்ட்டுகள் எத்தனையோ பேரை விடுதலை செய்திருக்கின்றன. விடுதலை செய்த கையோடு பிராயச்சித்தம் செய் என்று சொன்ன தீர்ப்புகள் அபூர்வம். அதுவும் பதவியில் இருக்கிற ஒரு முதலமைச்சரைப் பார்த்து.

எங்கள் கீழப்பாவூரில் ஒரு நரசிம்மர் இருக்கிறார். பதினாறு திருக்கரங்கள். சுவாதி நட்சத்திரத்தன்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். இந்தத் தீர்ப்பை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு அந்த நரசிம்மரின் கதைதான் ஞாபகத்துக்கு வருகிறது. இரணியன் வாங்கிக்கொண்ட வரம் இருக்கிறதே, அது கெட்டிக்கார வக்கீல் எழுதின பத்திரம். மனிதனாலும் சாகக்கூடாது, மிருகத்தாலும் சாகக்கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. வீட்டுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. எல்லாச் சந்தும் அடைத்தாயிற்று என்று அவன் நினைத்தான். அடைபடாத ஒரே சந்து வாசற்படி. பகவான் அந்தச் சந்து வழியாக வந்தார். நான் யாரையும் இரணியனாக்கவில்லை. பத்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். நம் காலத்துச் சட்டத்திலும் சந்துகள் இருக்கின்றன. ஆனால் இங்கே அவை வழியாக யாரும் உள்ளே வருவதில்லை. எதிரிகள் வெளியே போகிறார்கள். நடத்தை விதி என்பது சட்டமும் அல்ல, சட்டமில்லாததும் அல்ல. சுப்ரீம் கோர்ட்டு அந்த வாசற்படியில்தான் வந்து நின்றது. நரசிம்மருக்கு நகம் இருந்தது. கோர்ட்டுக்கு இருந்தது குரல் மட்டும்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதை லேசில் தள்ளிவிட முடியாது. குற்றம் நிரூபணமாகவில்லை என்றால் விடுதலை செய்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே? விடுதலையான மனுஷியைப் பார்த்து உபதேசம் செய்ய நீதிபதிக்கு என்ன அதிகாரம்? தண்டனையை எதிர்த்து அப்பீல் செய்யலாம். உபதேசத்தை எதிர்த்து எங்கே போய் அப்பீல் செய்வது? சட்டம் படித்தவர்கள் இப்படிக் கேட்பது நியாயமே. நாளைக்கு ஒரு சாமானியனுக்கு இது நடந்தால் நானும் அவன் கட்சியில்தான் நிற்பேன். ஆனால் இங்கே எதிரே நின்றவர் சாமானியர் அல்ல. அவர் பிரமாணம் எடுத்துக்கொண்டு ஏற்ற பதவியின் விதிகளைப் பற்றித்தான் கோர்ட்டு பேசிற்று. விதிகளுக்குத் தண்டனை இல்லை என்று கோர்ட்டு சொன்ன பிறகு, விதிகள் இருக்கின்றன என்பதையாவது யாராவது சொல்ல வேண்டாமா? சொல்லாமல் விட்டிருந்தால் அந்த விதிகள் அன்றைக்கே செத்திருக்கும்.

என்னுடைய ஆட்சேபம் வேறு. சுதந்திரம் வந்த புதிதில் இந்த ஒழுக்கங்கள் நுணுக்கமாகக் காப்பாற்றப்பட்டன, இப்போதுதான் தேய்ந்துவிட்டன என்று தீர்ப்பு ஓரிடத்தில் பெருமூச்சு விடுகிறது. பழைய காலம் எல்லோருக்கும் பொற்காலமாகத்தான் தோன்றும். நாவலாசிரியர்களான நாங்களே இந்தப் பலவீனத்துக்குப் பேர்போனவர்கள். ஆனால் முந்த்ரா விவகாரம் எப்போது நடந்தது? 1957-ல். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனின் பணத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய் ஹரிதாஸ் முந்த்ரா என்ற முதலாளியின் கம்பெனிப் பங்குகளில் கொட்டப்பட்டது. பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் எழுப்பினார். பம்பாய் ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரணை நடத்தினார். நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் ராஜிநாமாச் செய்தார். அவர் 1962-ல் மறுபடி மந்திரிசபைக்கு வந்ததும், அடுத்த வருஷமே நிதி மந்திரியானதும் சரித்திரம்.

ஆகவே அந்தக் காலத்து மனிதர்களுக்கும் நம் காலத்து மனிதர்களுக்கும் ஆசையில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேகத்தில் இருந்தது. பார்லிமெண்டில் கேள்வி கேட்டு மூன்று மாதத்துக்குள் அறிக்கை வந்தது, மந்திரி போனார். ஜனங்கள் விஷயத்தை மறப்பதற்கு முன்னால் முடிவு வந்துவிட்டது. இது ஒழுக்கத்தைவிடச் சிறிய விஷயம் மாதிரித் தோன்றும். அப்படி இல்லை என்பதற்கு நான் சொன்ன இரண்டாவது வழக்கே சாட்சி.

சொத்துக் குவிப்பு வழக்கு 1996-ல் புகாராகப் பிறந்தது. 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரையில் வருமானத்துக்கு மிஞ்சிச் சேர்த்த சொத்து அறுபத்தாறு கோடி ரூபாய்க்கு மேல் என்று குற்றப்பத்திரிகை சொல்லிற்று. கடைசித் தீர்ப்பு வந்தது 2017 பிப்ரவரி 14-ல். இருபது வருஷம். வழக்கு தொடங்கிய அன்று தொட்டிலில் கிடந்த குழந்தை, முடிகிற சமயத்தில் ஓட்டுப் போட்டு ஒரு முதல்வரைத் தேர்ந்தெடுத்திருக்கும்.

இந்த இருபது வருஷத்தில் நடந்தவற்றில் ஒன்றைமட்டும் சொல்கிறேன். 2001-க்குப் பிறகு, எதிரி முதல்வராக இருந்த காலத்தில், ஏற்கெனவே சாட்சி சொன்னவர்களில் 76 பேர் மறுபடி கூண்டுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்னால் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசுத் தரப்பு வக்கீல் அதை ஆட்சேபிக்கக்கூட இல்லை. இங்கே நியாயம் நடக்காது என்று க. அன்பழகன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2003 நவம்பரில், டான்சி தீர்ப்புக்கு ஆறு நாள் முன்னதாக, வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது.

பெங்களூரில் 2014 செப்டம்பர் 27-ந் தேதி நீதிபதி குன்ஹா நாலு வருஷச் சிறையும் நூறு கோடி அபராதமும் விதித்தார். 2015 மே 11-ந் தேதி கர்நாடக ஹைகோர்ட்டு நீதிபதி குமாரசாமி விடுதலை செய்தார். ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு தீர்ப்பு. தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல் இன்னொரு தீர்ப்பு. இரண்டுக்கும் விஷயம் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், ஒரே கதையை இரண்டு ஆசிரியர்கள் எழுதின மாதிரி இருக்கிறது.

ஓர் உதாரணம். 1995 செப்டம்பர் 7-ந் தேதி சென்னையில் நடந்த வளர்ப்பு மகன் கல்யாணம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முதல்வர் செய்த செலவு ஆறு கோடியே நாற்பத்தைந்து லட்சம் என்றது அரசுத் தரப்பு. மூன்று கோடி என்றார் குன்ஹா. இருபத்தெட்டு லட்சத்துச் சொச்சம் என்றார் குமாரசாமி. கல்யாணச் செலவு பெண் வீட்டாருடையது என்ற ஹிந்துக் குடும்ப வழக்கத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஒரே பந்தல், ஒரே சாப்பாடு. செலவு மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்குத் தக்கபடி பெரிதாகவும் சிறிதாகவும் ஆகிறது. இதிலே யார் சொன்னது யதார்த்தம் என்பதை நம் வீட்டில் ஒரு கல்யாணம் செய்து பார்த்தவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமானது ஒரு கூட்டல். ஹைகோர்ட்டுத் தீர்ப்பில் எதிரிகள் வாங்கின கடன்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. பத்து இனங்கள். கீழே மொத்தம் 24 கோடியே 17 லட்சத்துச் சொச்சம் என்று போட்டிருக்கிறது. அந்தப் பத்தையும் கூட்டினால் வருவது 10 கோடியே 67 லட்சத்துச் சொச்சம்தான். பதின்மூன்றரைக் கோடி வித்தியாசம். இந்தத் தப்பான மொத்தத்தை வருமானத்தில் சேர்த்ததனால், வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து நூற்றுக்கு எட்டு என்று ஆயிற்று. நூற்றுக்குப் பத்து வரை மிஞ்சினால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு 1977-ம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு ஒன்று ஆதாரம் இருந்தது. ஆகவே விடுதலை. கூட்டலைத் திருத்தினால் எட்டு எழுபத்தாறாகிறது.

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை இப்படி ஒரு மொத்தம் போட்டிருந்தால், சாயங்காலத்துக்குள் கத்தரிக்காய் கொண்டுவந்த சம்சாரி அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டான். தன் காசு என்றால் எல்லோரும் கூட்டிப் பார்க்கிறோம். அன்றைக்குத் தமிழ்நாடு முழுவதும் கடைசிப் பக்கத்தை வாசித்து ஆடிக்கொண்டிருந்தது, அல்லது அழுதுகொண்டிருந்தது. நடுப்பக்கத்தைக் கூட்டிப் பார்த்தவர்கள் அரசுத் தரப்பு வக்கீல் பி. வி. ஆச்சார்யாவும் இன்னும் சிலரும். வாசிப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த இலக்கிய விமர்சகனும் எழுதியதில்லை.

அப்பீலில் வாதங்கள் முடிந்து 2016 ஜூனில் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. டிசம்பரில் ஜெயலலிதா இறந்தார். 2017 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு குன்ஹாவின் தீர்ப்பை நிலைநாட்டியபோது சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரும் சிறைக்குப் போனார்கள். முதல் எதிரி மீதான அப்பீல் அவர் மரணத்தோடு அற்றுப்போயிற்று. பிரதான பாத்திரத்தைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை. கடைசிப் பக்க வாசகனுக்கு அந்தப் புத்தகத்தில் ஒன்றுமே அகப்படாது. நடுவில் எல்லாம் இருக்கிறது. ஒரே நாளில் பத்துக் கம்பெனிகள் பிறந்த செய்தி இருக்கிறது. முதல்வர் வீட்டுக்கே போய்ப் பத்திரம் பதிந்து கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்ட சப்ரிஜிஸ்திரார் இருக்கிறார். நிலம் தேடிக் கொடுக்க அலைந்த தோட்டக்கலை அதிகாரி இருக்கிறார். நம் தெற்குச் சீமையிலேயே சேரகுளம், வல்லகுளம், மீரான்குளம் என்று மழையை நம்பிக் கிடக்கிற கிராமங்களில் ஒரு கம்பெனி நூற்றுக்கணக்கான ஏக்கர் வாங்கின கதை இருக்கிறது. அந்த ஊர்களுக்கு இங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். வழக்கு எங்கோ போயஸ் தோட்டத்திலும் பெங்களூரிலும் நடந்தது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் நாவல்களில் வருகிற மந்திரி யார்? தொந்தி, ஜரிகை அங்கவஸ்திரம், பெரிய சிரிப்பு, பின்னால் பத்து அடியாள். அவர் கெட்டவர் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆகவே அவரைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை. தீர்ப்புகளில் வருகிற மனிதர்கள் அப்படி இல்லை. பதிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முதல்வர் வீட்டுப் படியேறிய அந்த சப்ரிஜிஸ்திரார் அன்று இரவு வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார்? பெருமையாகச் சொன்னாரா, சொல்லாமல் படுத்துக்கொண்டாரா? தம் கட்சிக்காரர் இல்லை என்று மறுத்த கையெழுத்தை, அவருடையதுதான் என்று கூண்டில் நின்று சொன்ன ஆடிட்டர் ஒருவரே ஒரு முழு நாவலுக்குப் போதும். பெரிய ஊழல்களைப் பெரிய மனிதர்கள் தனியாகச் செய்துவிட முடியாது. நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்து மனிதர்கள், பேனா பிடிக்கிறவர்கள், முத்திரை குத்துகிறவர்கள், வரிசையாக உட்கார்ந்து ஒத்தாசை செய்ய வேண்டும். தீர்ப்பு இதைச் சொல்கிறது. நம் நாவல்கள் இன்னும் சொல்லவில்லை.

கட்சி பேதம் இதில் கிடையாது. 1976-ல் மு. கருணாநிதியின் ஆட்சி மீது சர்க்காரியா கமிஷன் வைத்தார்கள். அறிக்கை வந்தது, தண்டனை யாருக்கும் வரவில்லை. ஒரு கட்சிக்காரர்கள் அதிலிருந்து இரண்டு வரிகளை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். மற்றக் கட்சிக்காரர்கள் தண்டனை இல்லை என்பதை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். நடுவில் இருக்கிற அறிக்கையை வாசித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

விடுதலை என்பது ஒரு சொல். குற்றமற்றவர் என்பது வேறு சொல். தமிழில் இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கியது சட்டமல்ல, நாம்தான். அந்த இடத்தில்தான் 2003-ல் நீதிபதிகள் மனச்சாட்சி என்று ஒரு சாட்சியை அழைத்தார்கள். 76 பேரை மறுபடி கூண்டில் ஏற்றினால் 64 பேர் மாறிவிடுகிற நாட்டில், எத்தனை தரம் குறுக்கு விசாரணை செய்தாலும் மாறாத சாட்சி அது ஒன்றுதான். அந்த அம்மையார் அதற்கு என்ன பதில் சொன்னார் என்பது அவரோடு போய்விட்டது. அதே சம்மன் நமக்கும் வந்திருக்கிறது. கூட்டிப் பார்க்காமல் கைதட்டியவர்கள் நாம்.

அடுத்த பெரிய வழக்கில் தீர்ப்பு வருகிற அன்று, வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகு, நடுவிலிருந்து ஒரு பத்துப் பக்கமாவது வாசித்துப் பாருங்கள். அதில் பட்டியல் ஏதாவது இருந்தால், பென்சிலை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்.